‘எஸ் சார்’ சொன்ன பையன்: ஓட்டல் பயிற்சிக் காலம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் வகுப்பே கிடையாது. நட்சத்திர ஓட்டல் ஒன்றுக்கு டிரெய்னியாகப் போய்விட வேண்டும். கிச்சன், சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் என்று நான்கு துறைகளிலும் சில வாரங்கள் வேலை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1982இல் அமைந்த தேசிய ஓட்டல் மேலாண்மை கவுன்சிலின் பாடத்திட்டத்தில் படித்தாலும் சரி, தனியார் கல்லூரியில் படித்தாலும் சரி, ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் லாக் புக் எழுத வேண்டும், துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முடிவில் மதிப்பீட்டுப் படிவம் கல்லூரிக்கு வந்து சேரும்.

பிள்ளைகளை அனுப்பி வைப்பது, நடுவில் ஒருமுறை போய்ப் பார்ப்பது, வந்த படிவங்களைப் படிப்பது எல்லாம் கல்லூரியில் என் வேலையில் ஒரு பகுதி. நேரம் தவறாமை, உடை, பேச்சுத் திறன், கற்கும் ஆர்வம் என்று படிவத்தில் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு டிக். வகுப்பில் நன்றாகச் செய்த ஒருவன் ஏன் மூன்றாவது வாரமே பெட்டியைக் கட்டுகிறான், சுமாரான இன்னொருவன் எப்படி வேலை உத்தரவோடு திரும்பி வருகிறான் என்பது அந்தக் கட்டங்களில் தெரியாது. அதனால் ஒரே பேட்ச்சில், சென்னையில் ஒரே ஓட்டலுக்குப் போன இருவரைக் கொஞ்சம் கூர்ந்து கவனித்தேன். இருவருடைய பெயர், ஓட்டலின் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இரண்டு பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் நூறு பேரின் படிவத்தில் தெரியாத ஒன்று இரண்டு பேரின் கதையில் தெரியலாம்.

பந்தியில் பழகிய கை

பையன் காவிரிப் பக்கத்துக் கிராமம். அப்பா கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவரோடு கூடமாடப் போகிறவர். பள்ளி விடுமுறை என்றால் இவனும் கூடப் போவான். சின்ன வயதிலிருந்தே பந்தி பரிமாறிய பையன். எந்த இலையில் ரசத்துக்குச் சோறு மிச்சமில்லை, எந்தப் பெரியவர் மோருக்காகக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே அவன் கண்ணில் படும். சேவை மனப்பான்மையை வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எங்கள் துறையில் வருடக்கணக்காகப் பேசுகிறோம். இவனிடம் அது ஏற்கெனவே இருந்தது.

வாய்தான் திறக்காது. பிராக்டிகலில் முதல் வரிசை, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கடைசி. ஆங்கிலத்தில் கேள்வி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பான்.

ஓட்டலில் முதல் துறை சர்வீஸ். இடம் காபி ஷாப், வேலை காலை ஷிஃப்ட். போன உடனே பேன்ட்ரியில், அதாவது ஹாலுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில், நிறுத்திவிட்டார்கள். ஸ்பூன், ஃபோர்க் எல்லாவற்றையும் வினிகர் கலந்த வெந்நீரில் முக்கி எடுத்து, விரல் ரேகை விழாமல் துணியால் துடைத்து அடுக்க வேண்டும். கண்ணாடி டம்ளர்களை ஆவியில் காட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைக்க வேண்டும். எல்லா டிரெய்னிகளும் தொடங்கும் இடம் இதுதான், தவறில்லை. மற்ற பிள்ளைகள் நாலு நாளில் முகத்தைச் சுளித்து, பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டனிடம் நச்சரித்து, டைனிங் ஹாலுக்கு இடம் மாறிக்கொண்டார்கள். இவன் முணுமுணுக்கவே இல்லை. சுத்தமாகவும் வேகமாகவும் செய்தான். பலன்? அங்கேயே விட்டுவிட்டார்கள்.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த இடம். நல்ல மனப்பான்மை உள்ள பிள்ளைக்கு நல்ல அனுபவம் கிடைக்கும் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நடப்பது பல இடங்களில் நேர்மாறு. வேலை செய்கிறவன் தலையில் வேலை ஏறிக்கொண்டே போகும். அதுவும் கெஸ்ட் கண்ணில் படாத வேலை. ஆள் பற்றாக்குறையில் ஓடும் துறைக்கு மறுத்துப் பேசாத டிரெய்னி ஒரு வரம். அவனுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது. கெஸ்டோடு பேசாமலே வாரங்கள் போகும். பேசாததால் பேசும் தைரியம் வராது. தைரியம் இல்லாததால் மறுபடி பேன்ட்ரி.

‘எஸ் சார்’

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் கூட்டம், பரிமாறும் ஸ்டீவர்ட்கள் இரண்டு பேர் வரவில்லை. பேன்ட்ரியிலிருந்து இவனை இழுத்து வந்து பஃபே அருகில் நிறுத்தினார்கள். வடக்கே இருந்து வந்திருந்த, வெங்காயம், பூண்டு தொடாத வயதான ஜைனத் தம்பதி ஒன்று தட்டோடு வந்தது. கணவர் சாம்பார் பாத்திரத்தைக் காட்டி, இது வெங்காயம், பூண்டு சேர்க்காததுதானே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எஸ் சார்” என்றான் இவன்.

அந்தச் சாம்பாரைக் கிச்சனிலிருந்து தூக்கி வந்ததே இவன்தான். அதில் சின்ன வெங்காயம் மிதந்ததை அவனே பார்த்திருக்கிறான். அம்மையார் இரண்டாவது கரண்டியிலேயே கண்டுபிடித்துவிட்டார். சத்தம் எதுவும் இல்லை. தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். செஃப் வந்து கைகூப்பினார். தனியாகச் சமைத்துத் தர ஏற்பாடானது. பையனை யாரும் கெஸ்ட் முன்னால் திட்டவில்லை. அவன் சைட் ஸ்டேஷனுக்குப் பின்னால் போய் நின்றவன், ஷிஃப்ட் முடியும்வரை வெளியே வரவில்லை. மறுநாள் ஊருக்குப் போகிறேன் என்று விடுதியில் சொல்லியிருக்கிறான்.

அந்த வாரம் நான் போனபோது ஸ்டாஃப் கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். கேள்வி புரியவில்லையா என்று கேட்டேன்.

“புரிஞ்சுது சார். வெங்காயம் இருக்குன்னும் தெரியும். வாயில வரல. முழிச்சுட்டு நின்னா ஒண்ணும் தெரியாதவன்னு நினைச்சிருவாங்களேன்னு எஸ் சார்னு சொல்லிட்டேன்.”

அக்கறை இல்லாததால் வந்த தவறு இல்லை இது. அறிவு இல்லாததாலும் இல்லை. இரண்டும் இருந்தன; இரண்டையும் வெளியே கொண்டுவர வழி இல்லை. ஆனால் அந்த அம்மையாரின் இடத்திலிருந்து பார்த்தால், அலட்சியமான ஒருவன் செய்யும் தவறுக்கும் பயந்த ஒருவன் செய்யும் தவறுக்கும் வித்தியாசமே தெரியாது. தன்னம்பிக்கை இல்லாத சேவை மனம், எதிரில் இருப்பவருக்குச் சேவை மனம் இல்லாதது போலத்தான் தெரியும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் சுயதிறன் நம்பிக்கை என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு வேலையை என்னால் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு வழிகளைச் சொன்னார்: தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத்தக்கவர் சொல்லும் ஊக்கச் சொல், உடம்பும் மனமும் இருக்கும் நிலை. நாலிலும் பலமானது முதலாவது என்பது அவர் கட்சி. பேன்ட்ரியில் நின்ற பையனுக்கு முதலாவது கிடைக்கவே இல்லை. இரண்டாவதும் இல்லை, ஹாலில் சீனியர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்காது. நான்காவது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னே எழுந்து, அறைக்கு ஆறு பேராகத் தூங்கி, நின்றே பழகாத கால்களோடு எட்டு ஒன்பது மணி நேரம் நிற்கும் பிள்ளையின் நெஞ்சு படபடப்பதை, தனக்குத் திறமை இல்லை என்பதற்கு அத்தாட்சியாகவே அவன் எடுத்துக்கொள்வான்.

காலை ஆறே கால்

ஊருக்குப் போகாமல் அவனைத் தடுத்தது நான் இல்லை. அங்கிருந்த ஒரு கேப்டன். தென்மாவட்டத்துக்காரர், டிப்ளமோ படித்துவிட்டு ஸ்டீவர்டாகச் சேர்ந்து மேலே வந்தவர். ஹாலில் அவரை எல்லாரும் சார் என்பார்கள். பேன்ட்ரிக்குள் வந்துவிட்டால் அண்ணன். அவர் அவனிடம் பேசியதைப் பையன் எனக்கு அப்படியே சொன்னான்.

“தம்பி, பந்தியில ஒரு பெரியவர் இதுல என்ன போட்டிருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“போட்டதைச் சொல்லுவேண்ணே.”

“தெரியலைன்னா?”

“மாஸ்டரைக் கேட்டுட்டு வரேம்பேன்.”

“அவ்வளவுதான்டா. இங்கயும் அதேதான்.”

பேச்சோடு அவர் விட்டிருந்தால் அது இன்னொரு அறிவுரையாகப் போயிருக்கும். அவர் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். பஃபே திறக்குமுன், காலை ஆறே காலுக்கு, பாத்திரம் பாத்திரமாக நடந்து ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று இவன் சொல்ல வேண்டும். எதில் வெங்காயம், எதில் நெய், எதில் முந்திரி, எதில் கோதுமை என்று சொல்ல வேண்டும். கேட்பவர் செஃப்பும் கேப்டனும். ஆரம்பத்தில் தமிழில் சொல்லச் சொன்னார். அதில் நாக்கு ஓடிய பிறகு ஆங்கிலத்தில். இன்னொன்றும் செய்தார்: ‘ஒரு நிமிடம் கொடுங்கள், செஃப்பிடம் கேட்டு உறுதியாகச் சொல்கிறேன்’ என்ற ஒரே ஒரு ஆங்கில வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழக்கினார். அப்புறம், கட்லரி துடைப்பதை எல்லா டிரெய்னிகளுக்கும் முறை வைத்துப் பிரித்தார். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

அந்த ஒற்றை வாக்கியம் செய்த வேலை பெரிது. அதுவரை அவனுக்குத் தன்னம்பிக்கை என்றால் தடங்கலில்லாமல் பதில் சொல்வது. தெரியாது என்று சொல்வது தோல்வி. ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்பதே ஒரு முழுமையான பதில், கெஸ்டும் அதை மதிப்பார் என்று தெரிந்த பிறகு தோள் இறங்கியது. வகுப்பறையில் நாங்கள் தன்னம்பிக்கை என்று வளர்ப்பது பெரும்பாலும் மேடைப் பேச்சுத் தன்னம்பிக்கை. ஹாலில் தேவைப்படுவது வேறு வகை.

இதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்று சந்தையியல் பேராசிரியர்கள் பரசுராமன், ஸெய்தாம்ல், பெர்ரி மூவரும் 1988இல் 22 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். கண்ணுக்குத் தெரியும் வசதிகள், சொன்னபடி செய்வது, உடனே கவனிப்பது, உறுதியளிப்பது, அக்கறை என்று ஐந்து பரிமாணங்கள் அதில் உண்டு. உறுதியளிப்பது என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம், ஊழியருடைய அறிவும் மரியாதையும், நம்பிக்கை ஊட்டும் திறனும். அதாவது அங்கே பேசப்படும் நம்பிக்கை கெஸ்ட் மனதில் உண்டாவது. இன்டர்வியூ அறையில் நிமிர்ந்து உட்கார்ந்தானா என்று பார்த்து நாம் அளப்பது அதை இல்லை. மூன்று சொல் உடைந்த ஆங்கிலத்தில், ‘இந்தச் சட்னியில் பூண்டு உண்டு, அந்தச் சட்னியில் கிடையாது’ என்று சொன்ன பையன் அந்த அளவுகோலில் தேறிவிடுவான்.

இதை அற்புதக் கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ரண்ட் ஆபீசில் அவன் திணறினான். டெலிபோன் மணி அடித்தால் கடைசிவரை பயம்தான். முகம் பார்க்காமல் பேசுவது அவனுக்கு வரவில்லை. ஹாலில் வந்த நம்பிக்கை ரிசப்ஷனுக்குத் தானாக நடந்து வராது. பண்டூராவும் இது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்

அதே ஓட்டலுக்குப் போன மாணவி சென்னைக்காரி. ஆங்கிலவழிப் பள்ளி, பேச்சுப் போட்டிக் கோப்பைகள். முதல் துறை ஃப்ரண்ட் ஆபீஸ். இரண்டே வாரத்தில் கருத்து அட்டையில் பெயர் சொல்லிப் பாராட்டிய கெஸ்ட்கள் உண்டு. அடுத்தது ஹவுஸ்கீப்பிங். அங்கேதான் சிக்கல்.

ஒரு ரூம் அட்டெண்டன்டுக்கு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு அறைகள் வரை வரும். பெட்ஷீட் மூலையை மடித்துச் சொருகுவது ஒரு பக்கம். பாத்ரூம் இன்னொரு பக்கம்: வடிகாலில் சிக்கிய முடி, கண்ணாடியில் பல்தேய்த்த தெறிப்பு, கமோடின் அடிவிளிம்பு. மாணவி செய்தாள் என்பதைவிட, செய்ததாகக் காட்டினாள் என்பது சரியாக இருக்கும். சூப்பர்வைசர் திரும்பத் திரும்ப அதே அறைக்கு அனுப்பினார். “இதுக்கெல்லாம் எதுக்கு சார் டிகிரி?” என்று என்னிடம் கேட்டாள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வாரக்கணக்கில் ஒரே வேலையைச் செய்யவைத்தால் அது பயிற்சி இல்லை, சம்பளம் மிச்சம் பிடிப்பது. ஆனால் அவள் கேட்டது அந்த அர்த்தத்தில் இல்லை.

அவள் வீட்டிலும் இதே பேச்சுதான். மேசை துடைக்கவும் எச்சில் தட்டு எடுக்கவும் கக்கூஸ் கழுவவுமா இவ்வளவு ஃபீஸ் கட்டினோம் என்று அம்மா ஃபோனில் அழுதிருக்கிறார். நம் ஊரில் சேவை மனப்பான்மை பற்றிப் பேசும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. யார் எச்சிலை யார் எடுப்பது, யார் கழிப்பறையை யார் கழுவுவது என்பதற்கு இங்கே சாதியோடு கட்டிய நெடுங்காலக் கணக்கு இருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை அதைச் சீருடைக்குள்ளும் சுமந்துகொண்டுதான் வருகிறது. இந்தியப் பாடத்திட்டங்களில் இதற்கு ஒரு வகுப்புகூட நான் பார்த்ததில்லை.

அவளுடைய லாக் புக்கில் ஒரே ஒரு பதிவு என் கவனத்தை இழுத்தது. அவளோடு வேலை பார்த்த அக்கா, ஓர் அறையில் துண்டைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, கெஸ்டுக்குக் கழுத்து வலி போல என்று சொல்லி இன்னொரு தலையணை கொண்டுவந்து வைத்திருக்கிறார். மேசைமேல் மாத்திரை அட்டை இருந்தது. அதைத் தொடாமல் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ‘இது எனக்குத் தோன்றியிருக்காது’ என்று கீழே எழுதியிருந்தாள். ரிசப்ஷனில் பாராட்டு வாங்கிய பெண்ணுக்குத் தன்னம்பிக்கை நிறைய இருந்தது, ஆனால் அதற்குத் தீனி கெஸ்டின் முகம். முகம் இல்லாத வேலையில் அது வற்றிவிட்டது.

விமானப் பணிப்பெண்களை வைத்துச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983இல் எழுதிய உணர்ச்சி உழைப்பு, அதாவது சம்பளத்துக்காக உணர்ச்சியை வரவழைத்துக் காட்டுவது என்ற கருத்து, இங்கே பொருந்தும். வெளியே மட்டும் சிரிப்பது ஒன்று, அந்த உணர்வை உள்ளேயே வரவழைத்துக்கொள்வது இன்னொன்று என்று அவர் பிரித்தார். வெளிநடிப்பே முழுநேர வேலையானால் ஆள் சீக்கிரம் களைத்துப்போகும். மாணவி பயிற்சியை முடித்தாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். ஓட்டல் வேலை வேண்டாம் என்று முடிவும் செய்துவிட்டாள். நிகழ்ச்சி மேலாண்மைப் பக்கம் போகிறாள். அதில் நன்றாக வருவாள் என்றே நினைக்கிறேன். பயிற்சிக்குப் போய்வந்த பிறகு இந்தத் துறையே வேண்டாம் என்று பிள்ளைகள் ஒதுங்குவது பல நாடுகளின் ஆய்வுகளில் பதிவான விஷயம்தான்.

சிறு ஊரும் தாஜும்

மனப்பான்மையைக் கற்பிக்க முடியாது, அது உள்ளவனைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்சி எங்கள் துறையில் பலமானது. அதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் மும்பை தாஜ். 2008 நவம்பர் 26 தாக்குதலில் அங்கிருந்த ஊழியர்கள் தப்பி ஓடாமல் கெஸ்ட்களைக் காப்பாற்றியதைப் பற்றி ரோஹித் தேஷ்பாண்டே, அஞ்சலி ரெய்னா இருவரும் 2011 டிசம்பர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதினார்கள். தாஜ் குழுமம் பெருநகரங்களைவிடச் சிறு ஊர்களில் ஆள் தேடுகிறது, சென்னையைவிடத் திருச்சியையும் கோவையையும் விரும்புகிறது என்று அதில் வருகிறது. பெரியவர்களிடம் மரியாதை, மலர்ந்த முகம், குடும்பத்துக்கு இந்தச் சம்பளம் எவ்வளவு தேவை ஆகிய மூன்றையும் பார்த்து எடுக்கிறார்களாம்.

திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகளை அனுப்புகிறவன் என்ற முறையில் படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. மூன்றாவது அளவுகோல்தான் உறுத்துகிறது. தேவை அதிகமுள்ள பையன் எதையும் மறுக்க மாட்டான். அது சேவை மனமா, வேறு வழியில்லாமையா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குப் பிரித்துத் தெரியாது. பேன்ட்ரியில் வாரக்கணக்கில் நின்ற பையனுக்கு நடந்தது இதுதான். அதே கட்டுரையில் பலரும் மேற்கோள் காட்டாத ஒரு விவரம் உண்டு: மற்ற ஓட்டல்கள் புது ஆட்களை 12 மாதம் பயிற்றுவிக்கும்போது தாஜ் 18 மாதம் எடுத்துக்கொள்கிறது. ஒருநாள் தங்கும் கெஸ்ட் ஊழியர்களை 40 முதல் 45 முறை சந்திக்கிறார், பெரும்பாலும் மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது. அந்த ஒவ்வொரு தருணத்துக்கும் ஆளைத் தயார்செய்யத்தான் அந்தக் கூடுதல் காலம். ஆக, சிறு ஊர்ப் பையனின் நல்ல மனம் பாதிக் கணக்குதான். மீதி, அந்தக் கூடுதல் ஆறு மாதமும் யாரோ ஒருவர் அவன்கூட நின்றது.

கல்லூரியில் மாற்றியவை

எங்கள் பக்கத்தில் சில சின்ன மாற்றங்கள் செய்தோம். வைவாவில் பதில் தெரியாத கேள்வி ஒன்றை வேண்டுமென்றே கேட்கிறோம். ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று தெளிவாகச் சொன்னால் முழு மதிப்பெண். பிராக்டிகலில் கெஸ்டாக நடிக்க வருபவர்களை மாணவர்களுக்குத் தெரியாத ஆட்களாகக் கூட்டி வருகிறோம். அனுப்புமுன் பெற்றோரை ஒரு நாள் வரவழைத்து, பிள்ளை என்னென்ன வேலை செய்யும் என்பதைக் கழிப்பறை உட்பட ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சிலர் அன்றைக்கே கல்லூரியை மாற்றலாமா என்று யோசிக்கிறார்கள். அது பிறகு மூன்றாவது வாரத்தில் நடப்பதைவிட மேல்.

பையனுக்கு அதே ஓட்டலில் வேலை கிடைத்தது, காபி ஷாப்பிலேயே. பேச்சுத் திறன் என்ற கட்டத்தில் ‘சராசரி’ என்றுதான் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கேப்டன் இப்போது வெளிநாட்டில் ஒரு கப்பலில் இருக்கிறார். அடுத்த பேட்ச் போனபோது காலை ஆறே கால் பழக்கம் அங்கே இல்லை. புது டிரெய்னிகள் மறுபடி பேன்ட்ரியில் நின்றார்கள். கல்லூரியும் ஓட்டலும் எழுதிக்கொள்ளும் கடிதத்தில் சீருடை, சாப்பாடு, ஷிஃப்ட் நேரம், ஸ்டைபெண்ட் எல்லாம் உண்டு. டிரெய்னி எந்த சீனியரோடு நிற்பான், முதல் வாரத்தில் எத்தனை மணி நேரம் கெஸ்ட் முன்னால் இருப்பான் என்பது அதில் கிடையாது. வரும் பேட்ச்சுக்கான கடிதத்தில் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம்.